அப்பாவுக்கு விண்டோஸ், எனக்கு உபுண்டு: கிரப் மெனுவை வீட்டுக்கு ஏற்றபடி அமைப்பது

திங்கட்கிழமை காலை பத்து மணி. கோயம்புத்தூரில் நான் ஆபீசுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா போன் செய்தார்.

“ஏம்மா, கம்ப்யூட்டர் நீலக் கலர்ல என்னமோ எண்ணிக்கிட்டே இருக்கு. எண்ணி முடிச்சிட்டு விண்டோஸ் வருமா?”

“எப்பப்பா போட்டீங்க?”

“ஒன்பது மணிக்குப் போட்டேன். நல்லா வேகமாத்தான் எண்ணுது.”

அது மெம்டெஸ்ட். ராம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற நிரல். நாமாக நிறுத்தும் வரை சுற்றுச் சுற்றாக ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணி முடிக்கவே முடிக்காது. அப்பா பத்திர எழுத்தர். கிரயப் பத்திரம் எழுத வந்த இரண்டு பேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எஸ்கேப் கீயை அழுத்தச் சொல்லி, மெனு வந்ததும் கீழ் அம்பை இரண்டு தடவை தட்டி என்டர் கொடுக்கச் சொல்லி, ஒருவழியாக விண்டோஸ் வந்தது.

தப்பு என்னுடையதுதான். அந்தக் கணினியில் விண்டோசோடு எனக்காக உபுண்டு என்ற லினக்சும் இருக்கிறது. கணினி எழும்போது எதைத் திறக்க என்று மெனு காட்டிக் கேட்கும் நிரல்தான் கிரப். முந்தின நாள் ஞாயிறு, உபுண்டு 22.04-ஐ 24.04 ஆக்கிவிட்டு ராத்திரி பஸ் ஏறியிருந்தேன். அதற்கு முன்பே, அப்பாவுக்கு எப்போதும் விண்டோஸ்தான் தானாக வர வேண்டும் என்று கிரப் அமைப்பில் “2” என்று போட்டு வைத்திருந்தேன். கிரப் மெனுவில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்கும். உபுண்டு 0, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் 1, விண்டோஸ் 2. புதுப் பதிப்பில் வந்த மெம்டெஸ்ட், யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினிகளிலும் ஓடக்கூடியது. அதனால் பழைய பதிப்பில் தலைகாட்டாமல் இருந்தது இப்போது மெனுவில் இரண்டு வரியாக வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டது. விண்டோஸ் நான்காம் எண்ணுக்குத் தள்ளப்பட்டது. நான் சொன்னபடியே கிரப் இரண்டாம் எண்ணைத் திறந்தது.

ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் வைத்து, அதை இரண்டு பேர் பயன்படுத்தும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்வது உபுண்டுவுக்கும் டெபியன், மின்ட் போன்ற அதன் உறவுகளுக்கும் பொருந்தும். ஃபெடோராவில் கோப்புகள் ஏறக்குறைய இவையேதான், கட்டளைகளின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

கட்டளைகளை அப்பாவுக்குப் போனில் சொல்கிற மாதிரியே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். “கிரப்_” என்று அடிக்கோட்டோடு தொடங்கும் அமைப்பு வரிகளில் சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ளது மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. அவற்றில் பாதி கோப்பிலேயே ஏற்கெனவே இருக்கும், பார்த்ததும் பிடிபட்டுவிடும்.

தொடுவதற்கு முன்

முதலில் இப்போதைய மெனுவைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நகல்:

சூடோ சிபி /இடிசி/டிஃபால்ட்/கிரப் /ஹோம்/உங்கள்பெயர்/கிரப்-பழசு

நகலை வீட்டுக் கோப்புறையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிரப்புக்கு இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, மேலே சொன்ன அமைப்புக் கோப்பு. இன்னொன்று /இடிசி/கிரப்.டி என்ற கோப்புறை. அதில் 00, 05, 10, 20, 30, 40 என்று எண்ணோடு தொடங்கும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் இருக்கும். 10 உபுண்டுவின் வரிகளைத் தரும், 20 மெம்டெஸ்டை, 30 விண்டோஸைத் தேடித் தரும், 40 நாம் எழுதிக்கொள்வதற்கு. அந்த எண் வரிசையில்தான் மெனு அடுக்கப்படுகிறது. நான் ஒரு தடவை 30-ஆம் ஸ்கிரிப்டுக்கு அங்கேயே “.பாக்” என்று வால் ஒட்டி நகல் எடுத்து வைத்தேன். கிரப்புக்கு வால் எல்லாம் தெரியாது. இயக்கும் அனுமதி உள்ள கோப்பு என்றால் அதையும் ஓட்டிவிடும். மெனுவில் விண்டோஸ் இரண்டு தடவை வந்தது. “எந்த விண்டோசும்மா நம்மளது?” என்று அப்பா கேட்டார்.

கடைசியாகத் தயாராகும் மெனு /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருக்கிறது. அதை நேராகத் திருத்த வேண்டாம் என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். உபுண்டுவின் மையக்கருவான கர்னலுக்கு அடுத்த அப்டேட் வந்ததும் புதிதாக எழுதப்பட்டுவிடும், நம் வேலை போய்விடும். படிக்க மட்டும் அது நமக்கு உதவும்.

எண்ணை விடுங்கள், அடையாளத்தைப் பிடியுங்கள்

முக்கியமான வேலை இது. இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினாலும் போதும்.

சூடோ கிரெப் மெனுஎன்ட்ரி /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி

என்று அடித்தால் மெனு வரிகள் எல்லாம் கொட்டும். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் டிஸ்கின் பெயர் இருக்கும். அந்த முழுப் பெயரையும் அமைப்புக் கோப்பில் கொடுக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டினால் டிஸ்கின் பெயர் மாறலாம், அதோடு மெனுவில் உள்ள பெயரும் மாறும். அதே வரியின் கடைசிப் பக்கம் ஒற்றை மேற்கோளுக்குள் “ஓஎஸ்ப்ரோபர்-இஎஃப்ஐ-” என்று தொடங்கி, நான்கு எழுத்து, ஒரு கோடு, நான்கு எழுத்து என்று முடியும் ஒரு சரம் இருக்கிறதல்லவா, அதுதான் அடையாளம். அந்த எட்டெழுத்து, டிஸ்கில் தொடக்கக் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்தபோது அதற்குக் கிடைத்த எண். மறுபடி ஃபார்மட் செய்யும் வரை மாறாது. நடுவில் மெம்டெஸ்ட் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை.

அந்தச் சரத்தை நகலெடுத்துக்கொண்டு,

சூடோ நானோ /இடிசி/டிஃபால்ட்/கிரப்

என்று திறந்து, கிரப்_டிஃபால்ட்=0 என்றிருக்கும் வரியில் பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு, இரட்டை மேற்கோளுக்குள் ஒட்டுங்கள். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ். பிறகு,

சூடோ அப்டேட்-கிரப்

இந்தக் கடைசிக் கட்டளையை மறப்பவர்கள்தான் அதிகம். அமைப்புக் கோப்பில் என்ன எழுதினாலும் இது ஓடினால்தான் மெனுவுக்குப் போய்ச் சேரும்.

விண்டோஸ் வரியே பட்டியலில் இல்லையென்றால் பயப்படாதீர்கள். 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து, பாதுகாப்புக் கருதி, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதே கோப்பில் கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அப்டேட்-கிரப் ஓட்டினால் தேடிக் கண்டுபிடிக்கும்.

“கடைசியாக எதைத் திறந்தோமோ அதையே அடுத்த தடவையும் திற” என்று சொல்லும் வசதியும் கிரப்பில் உண்டு. கிரப்_டிஃபால்ட்=சேவ்டு, கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ என்று இரண்டு வரிகள். தனியாளுக்கு அருமையான ஏற்பாடு. விண்டோஸ் அப்டேட் நடுவில் இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகும்போது ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அம்பை அழுத்த வேண்டியதில்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இது ஆகாது. ஞாயிறு ராத்திரி நான் உபுண்டுவில் இருந்துவிட்டு அணைத்தால், திங்கள் காலை அப்பா உபுண்டுவில் போய் முழிப்பார். அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விண்டோசில் மட்டும்தான் ஓடும். மெனுவைப் பற்றி எதுவும் தெரியாமல் பவர் பட்டனை மட்டும் அழுத்துகிறவர் எங்கே போய்ச் சேர வேண்டுமோ, அதுதான் டிஃபால்ட். எனக்கு அம்பை அழுத்தத் தெரியும், நான் அழுத்திக்கொள்கிறேன்.

எனக்கு ஒரே சிக்கல், கோயம்புத்தூரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உபுண்டுவுக்குள் நுழைந்து அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கும்போதுதான். விண்டோஸ் வந்துவிட்டால் என் பிடி போய்விடும். அதற்கு,

சூடோ கிரப்-ரீபூட்

என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உபுண்டு வரியின் அடையாளத்தைக் கொடுப்பேன். அது “ஜிஎன்யுலினக்ஸ்-சிம்பிள்-” என்று தொடங்கும் நீளமான சரம். அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் உபுண்டு வரும். அதற்கடுத்த தடவை வழக்கம்போல விண்டோஸ்.

எத்தனை விநாடி

கிரப்_டைம்அவுட்=5, கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்=மெனு. எங்கள் வீட்டில் இதுதான். அப்பாவைப் பொறுத்தவரை ஐந்து விநாடியே அதிகம், எனக்குக் குறைவு. மெனு வந்ததும் ஏதாவது ஓர் அம்பைத் தொட்டுவிட்டால் எண்ணிக்கை நின்றுவிடும். அதனால் பத்து, முப்பது என்றெல்லாம் வைக்கத் தேவையில்லை. மைனஸ் 1 போட்டால் யாராவது என்டர் தட்டும் வரை நிற்கும். கரண்ட் போய் வரும் ஊரில் அது வேண்டாம்.

உபுண்டு ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போனால், அடுத்த தடவை மெனு முப்பது விநாடி நிற்கும். “போன தடவை ஒழுங்காக ஏறவில்லை” என்று கிரப் குறித்துவைத்துக்கொள்வதால் வரும் காத்திருப்பு அது. கிரப்_ரெக்கார்ட்ஃபெயில்_டைம்அவுட்=5 என்று சேர்த்தால் அதுவும் குறையும்.

பெயர் வைப்பது

மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜர், அடைப்புக்குள் டிஸ்கின் பெயர் என்று நீளமாக இருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்குக் கை நடுங்கும். அவர் பெயரிலேயே ஒரு வரி இருந்தால் என்ன என்று தோன்றியது.

சூடோ சிபி /இடிசி/கிரப்.டி/40_கஸ்டம் /இடிசி/கிரப்.டி/09_அப்பா

09 என்று தொடங்குவதால் உபுண்டுவின் 10-க்கு முன்னால் வந்து மெனுவின் உச்சியில் நிற்கும். இந்தக் கோப்பைத் திறந்தால் மேலே இரண்டு வரிகள் இருக்கும், அவற்றைத் தொடக் கூடாது. மூன்றாம் வரியிலிருந்து கீழே உள்ளதை அப்படியே மெனுவுக்குள் கொட்டு என்று சொல்வதே அந்த இரண்டு வரிகள்தான். விண்டோஸுக்கான வரிகளைக் கையால் அடிக்கவும் வேண்டாம். கிரப்.சிஎஃப்ஜியில் ஓஎஸ்-ப்ரோபர் எழுதிவைத்த பகுதி தயாராக இருக்கிறது. மெனுஎன்ட்ரி என்ற சொல்லிலிருந்து மூடும் வளைவு அடைப்பு வரை நகலெடுத்து, புதுக் கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் மாற்றம். முதல் மேற்கோளுக்குள் இருக்கும் பெயர், இரண்டாம் மேற்கோளுக்குள் இருக்கும் அடையாளம். நான் அடையாளத்துக்குச் சின்ன எழுத்தில் அப்பா என்றே வைத்தேன். இப்போது கிரப்_டிஃபால்ட்டிலும் அந்த நான்கு ஆங்கில எழுத்துதான் இருக்கிறது.

பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன். கிரப்பின் யுனிஃபான்ட் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கோத்து வடிவமாக்கும் வேலையைக் கிரப் செய்வதில்லை. கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்று சாயங்காலமே ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன்.

நம் கையால் எழுதிய விண்டோஸ் வரி வேலை செய்கிறது என்று உறுதியானதும், கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் வரியில் ட்ரூ போட்டு ஓஎஸ்-ப்ரோபரை அணைத்துவிடலாம். இல்லாவிட்டால் விண்டோஸ் மறுபடி இரண்டு தடவை வரும். அணைத்தால் அப்டேட்-கிரப்பும் சட்டென்று முடியும். ஒரு பள்ளம் மட்டும் உண்டு. உபுண்டுவில் டைம்அவுட் இயல்பாகவே 0, மெனு மறைந்திருக்கும். ஓஎஸ்-ப்ரோபர் இன்னொரு இயங்குதளத்தைக் கண்டால்தான் பத்து விநாடி மெனு தானாக வருகிறது. அதை அணைத்துவிட்டு, டைம்அவுட் வரிகளை எழுத மறந்தால் மெனுவே காணாமல் போகும். அப்படி ஆனால், கணினி எழும்போது எஸ்கேப் கீயை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். பதற்றத்தில் நாலைந்து தடவை தட்டினால் கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல் மட்டும் வந்து நிற்கும். அங்கே நார்மல் என்று அடித்து என்டர் கொடுத்து, உடனே மறுபடி ஒரு எஸ்கேப்.

மெம்டெஸ்டை மெனுவிலிருந்து எடுக்க:

சூடோ சிஎச்மாட் -எக்ஸ் /இடிசி/கிரப்.டி/20_மெம்டெஸ்ட்86+

கோப்பை அழிக்காமல் அதன் இயக்கும் அனுமதியை மட்டும் பிடுங்குகிறோம். வேண்டும்போது பிளஸ் எக்ஸ் கொடுத்தால் திரும்பி வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வரியை மட்டும் விட்டுவையுங்கள். புதுக் கர்னல் தகராறு செய்தால் பழைய கர்னலுக்குப் போகும் வாசல் அதுதான்.

அதே 09_அப்பா கோப்பின் கீழே “ஹால்ட்” என்ற ஒரே கட்டளை கொண்ட இன்னொரு மெனுஎன்ட்ரியும் போட்டிருக்கிறேன். தெரியாமல் ஆன் செய்துவிட்டால் விண்டோஸ் ஏறும் வரை காத்திருக்காமல் அங்கேயே அணைத்துவிடலாம்.

கண்ணுக்கும் காதுக்கும்

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. நல்ல மானிட்டராக வாங்கிக் கொடுத்ததில் மெனு எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. பெரிய எழுத்துருவைச் செய்துகொள்ள கிரப்-எம்கேஃபான்ட் என்றொரு கருவி இருக்கிறது. ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே எழும்போது அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், 2022-க்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்களால், வெளியிலிருந்து வைக்கும் எழுத்துருவைக் கிரப் ஏற்காது. அதைவிடச் சுலபமான வழி,

கிரப்_ஜிஎஃப்எக்ஸ்மோட்=800x600

நடுவில் இருப்பது ஆங்கில எக்ஸ் எழுத்து, பெருக்கல் குறி அல்ல. திரையின் நுணுக்கம் குறைந்தால் எழுத்து தானாகப் பெரிதாகும். உங்கள் திரை எந்த அளவுகளை ஏற்கும் என்று தெரிய, மெனுவில் சி எழுத்தைத் தட்டி வீடியோஇன்ஃபோ என்று அடித்தால் பட்டியல் வரும். எஸ்கேப் தட்டினால் மெனுவுக்குத் திரும்பலாம்.

பின்னணிக்குப் பாபநாசம் அருவிப் படம் ஒன்றை வைத்தேன். கிரப்_பேக்கிரவுண்ட்= என்று எழுதி, படத்தின் முழுப் பாதையையும் மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். படத்தை /பூட்/கிரப் கோப்புறையிலேயே வைப்பது நல்லது. வீட்டுக் கோப்புறை என்க்ரிப்ட் ஆகியிருந்தால் அந்த நேரத்தில் கிரப்பால் அதைப் படிக்க முடியாது. சாதாரண பிஎன்ஜி கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், ஜேபெக்கில் எல்லா வகையையும் கிரப் திறக்காது. வெள்ளை நுரைமேல் வெள்ளை எழுத்து விழுந்து எதுவும் தெரியவில்லை. அதனால் 09_அப்பா கோப்பில் மெனுஎன்ட்ரிக்கு மேலே இந்த இரண்டு வரிகள்:

செட் மெனு_கலர்_நார்மல்=எல்லோ/ப்ளூ
செட் மெனு_கலர்_ஹைலைட்=வைட்/ரெட்

சாய்கோட்டுக்கு முன்னால் எழுத்தின் நிறம், பின்னால் அதன் பின்புலம். நார்மலின் பின்புலத்துக்குக் கறுப்பு கொடுத்தால் கறுப்பாக வராது, அந்த இடம் ஊடுருவிப் படமே தெரியும்.

காதுக்கு: கிரப்_இனிட்_ட்யூன்="480 440 1". இந்த வரி கோப்பில் முன்னால் ஒரு ஹாஷ் குறியோடு தூங்கிக்கொண்டிருக்கும், ஹாஷை எடுத்தால் போதும். மெனு வரும்போது ஒரு பீப் கேட்கும். முதல் எண் வேகம், இரண்டாவது சுருதி, மூன்றாவது நீளம். அசெம்பிள் செய்த கணினி என்றால் மதர்போர்டில் அந்தச் சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் கணினியில் இல்லை, நான்தான் வாங்கி மாட்டினேன். அப்பா பட்டனை அழுத்திவிட்டுத் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். பீப் கேட்டால் எழுந்து வருவார்.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை

சில விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பிறகு கிரப் வராமல் நேராக விண்டோஸே வரும். கிரப் அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் மதர்போர்டின் பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் போயிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் அமைப்பில் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கணினியை முழுக்க அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள், கிரப் வழியாக விண்டோஸுக்குப் போனால் ரெக்கவரி கீ கேட்கப்படலாம் என்பதால் அந்த 48 இலக்க எண்ணை முன்பே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடிகாரம். நான் உபுண்டுவில் இருந்துவிட்டுப் போன மறுநாள், அப்பாவின் விண்டோசில் காலை ஒன்பது மணிக்கு மூன்றரை என்று காட்டும். உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. இடையில் நம் ஐந்தரை மணி நேரம் காணாமல் போகிறது. பத்திரம் எழுதும் வீட்டில் தேதியும் நேரமும் தப்பாக இருக்கலாமா?

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1

உபுண்டு முணுமுணுத்துக்கொண்டே ஒரு எச்சரிக்கை காட்டும். விண்டோஸோடு ஒரே வீட்டில் இருப்பதால் விட்டுக்கொடுக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் மூன்று தடவை சோதிப்பேன். ஒரு தடவை எதையும் தொடாமல் விண்டோஸ் வருகிறதா, ஒரு தடவை அம்பை அழுத்தி உபுண்டு வருகிறதா, ஒரு தடவை கிரப்-ரீபூட் கொடுத்து ஒரு முறை உபுண்டு வந்துவிட்டு அடுத்த முறை விண்டோஸ் வருகிறதா. பஸ் ஏறுவதற்கு முன்னால். போன மாதம் மூன்றாவது சோதனையில் இருந்தபோது அப்பா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நாலு தடவை பீப் அடிச்சிட்டும்மா. நான் எதுக்கு வரணும்?”